நீலக் கோடும் அதற்கு அப்பாலும்: ஷிமனாமி கைடோ சைக்கிள் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

ஜப்பானின் பெருந்தீவான ஹொன்ஷுவுக்கும் தெற்கே இருக்கும் ஷிகொகுவுக்கும் நடுவில் செத்தோ உள்கடல் கிடக்கிறது. அந்தக் கடலின் தீவுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகும் பாதைதான் ஷிமனாமி கைடோ. ஹிரோஷிமா மாவட்டத்தின் ஒனோமிச்சியில் தொடங்கி எஹிமே மாவட்டத்தின் இமாபாரியில் முடிகிறது. சைக்கிளில் சுமார் 70 கிலோமீட்டர். நடுவில் முகாய்ஷிமா, இன்னோஷிமா, இகுச்சிஜிமா, ஓமிஷிமா, ஹகாட்டாஜிமா, ஓஷிமா என ஆறு தீவுகள். 1999 மே 1 அன்று முழுப் பாதையும் திறக்கப்பட்டது. 2019இல் ஜப்பான் அரசு முதன்முதலாகத் தேசிய சைக்கிள் பாதைகள் என்று மூன்றை அறிவித்தபோது அவற்றில் இதுவும் ஒன்று.

சாலையின் ஓரத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு நீலக் கோடு வரைந்திருக்கிறார்கள். ஊர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்றும் தரையிலேயே எழுதியிருக்கும். வரைபடமே இல்லாமல் கோட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். பழக்கமுள்ளவர்கள் ஒரே நாளில் முடித்தும் விடுகிறார்கள். அப்படி முடிக்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீலக் கோடு வழி தவறாமல் இருக்கப் போட்டது. தீவுகளின் வாழ்க்கை அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கிறது. குறைந்தது ஓர் இரவு ஒரு தீவில் தங்குங்கள். தினமும் சில மணி நேரமாவது கோட்டை விட்டு விலகுங்கள். கீழே சொல்லும் திட்டம் முழுவதும் இதை வைத்துத்தான்.

1. காலத்தைத் தேர்ந்தெடுப்பது

வடக்கே சூகொகு மலைகளும் தெற்கே ஷிகொகு மலைகளும் மழையைத் தடுத்துவிடுவதால் செத்தோ கடலோரம் ஜப்பானின் மற்ற பகுதிகளைவிட வறண்டது. ஆனாலும் ஜூன் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம். அது முடிந்ததும் புழுக்கத்தோடு கடும் வெயில். ஆகஸ்ட், செப்டம்பரில் புயல் வரக்கூடும். காற்று பலமானால் பாலங்களை மூடிவிடுவார்கள்.

ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபர், நவம்பர் மாதங்களும் சிறந்தவை. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை ஜப்பானியருக்குத் தொடர் விடுமுறை. அந்த நாட்களில் அறையும் கிடைக்காது, வாடகை சைக்கிளும் கிடைக்காது. என்னைக் கேட்டால் நவம்பர் கடைசி வாரம் என்பேன். காற்று குளிரும், ஆனால் வானம் தெளிவாக இருக்கும். மலைச்சரிவு முழுக்க மிக்கான் ஆரஞ்சு பழுத்து நிற்கும். பொழுது ஐந்து மணிக்கே சாய்ந்துவிடும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2. ஒனோமிச்சிக்குப் போய்ச் சேருவது

ஒசாகாவிலிருந்து வருபவர்கள் ஷின்-ஒசாகாவில் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் ஏறி ஃபுக்குயாமாவில் இறங்கினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கிருந்து சான்யோ பாதையின் சாதாரண ரயிலில் இருபது நிமிடத்தில் ஒனோமிச்சி. ஷின்-ஒனோமிச்சி என்ற பெயரில் ஷின்கான்சென் நிலையமும் உண்டு. ஆனால் அங்கே பெரும்பாலும் மெதுவாகப் போகும் கொதாமா ரயில்கள்தான் நிற்கும், ஊரும் தள்ளி இருக்கிறது. ஃபுக்குயாமா வழிதான் சுலபம்.

சொந்த சைக்கிளைக் கொண்டுவருகிறீர்கள் என்றால் ஒரு விதி முக்கியம். ஜப்பானிய ரயிலில் சைக்கிளை அப்படியே ஏற்ற முடியாது. சக்கரங்களைக் கழற்றி, எந்தப் பாகமும் வெளியே நீட்டாதபடி அதற்கென்று விற்கும் பைக்குள் போட்டு மூட வேண்டும். ஹேண்டில்பாரையோ சீட்டையோ வெளியே விட்டுப் பாதி மூடிய பை செல்லாது. ஷின்கான்செனில் கடைசி வரிசை இருக்கைக்குப் பின்னால்தான் பை வைக்க இடம் இருக்கும்; அந்த இருக்கையையே முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

பெட்டி படுக்கையோடு வருபவர்களுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஒனோமிச்சி விடுதியிலேயே பெட்டியைக் கொடுத்து இமாபாரியில் தங்கப்போகும் விடுதிக்குக் கூரியரில் அனுப்பிவிடலாம். பொதுவாக மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும். முதுகில் சிறு பை மட்டும் போதும்.

3. வண்டி

வாடகை நிலையங்கள் ஒனோமிச்சி துறைமுகத்திலும் இமாபாரியிலும் நடுத் தீவுகளிலும் இருக்கின்றன. சாதாரண சைக்கிளை ஓர் இடத்தில் எடுத்து வேறோர் இடத்தில் விட்டுவிடலாம். இரண்டு நாள் பயணத்துக்கு இதுவே தோது. மின்மோட்டார் உதவியோடு ஓடும் சைக்கிள்களை மட்டும் பெரும்பாலும் எடுத்த இடத்திலேயே திருப்பித் தர வேண்டும். எடுப்பதற்கு முன் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பந்தய வகை சைக்கிள் வேண்டுமென்றால் இரு முனைகளிலும் தனியார் கடைகள் உண்டு. உயரத்துக்கு ஏற்ற அளவு கிடைக்க முன்பதிவு அவசியம்.

கையில் கொள்ள வேண்டியவை: மாற்று டியூப், சிறிய பம்பு, டயர் கழற்றும் நெம்பு, முன் விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. தீவுகளில் பஞ்சர் கடை தேடி நடப்பது வீண் வேலை. சில்லறையாக யென் நாணயங்களும் வேண்டும். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

4. சாலை விதிகள்

நம் ஊரைப் போலவே ஜப்பானிலும் இடதுபுறம்தான். அதனால் கை கால் பழகியபடியே ஓட்டலாம். மற்றபடி நம் வழக்கங்களை ஊரிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது. இருவர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு ஓட்டக் கூடாது. நடந்து போகிறவர்களை விலகச் சொல்லி மணியடிக்கக் கூடாது. குடை பிடித்துக்கொண்டு ஓட்டக் கூடாது.

2023 ஏப்ரலிலிருந்து எல்லா வயதினரும் ஹெல்மெட் அணிய முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாடகை நிலையத்தில் கேட்டால் தருவார்கள், போட்டுக்கொள்ளுங்கள். 2024 நவம்பரிலிருந்து கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் ஆறு மாதம் வரை சிறையோ ஒரு லட்சம் யென் வரை அபராதமோ உண்டு. குடித்துவிட்டு ஓட்டுவதற்குத் தண்டனை இன்னும் கடுமை. மதிய உணவோடு ஒரு பீர்கூட வேண்டாம். படம் எடுக்க ஆசைப்பட்டால் ஓரமாக நிறுத்தி, இறங்கி, எடுங்கள். அவசரத்துக்குக் காவல்துறை 110, ஆம்புலன்ஸ் 119.

5. முதல் நாள்: ஒனோமிச்சியிலிருந்து செத்தோதா

ஒனோமிச்சிக்கும் முதல் தீவான முகாய்ஷிமாவுக்கும் நடுவில் ஓர் ஆற்றின் அகலத்துக்குத்தான் கடல். அங்கே இருக்கும் பாலத்தில் சைக்கிளில் போவது ஆபத்து: சாலை குறுகல், வாகனம் அதிகம். எல்லோரும் ஃபெரியில்தான் கடக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளும் கப்பல் பட்டறைத் தொழிலாளர்களும் சைக்கிளோடு நிற்க, ஐந்தாறு நிமிடத்தில் அக்கரை. கட்டணம் சில்லறைக் காசுதான்.

முகாய்ஷிமாவில் நீலக் கோடு மேற்குக் கரையோரம் போகிறது. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகம் போதும். சற்று நேரத்தில் இன்னோஷிமா பாலம் தெரியும். முதல் பாலத்தில் ஏறுவது எப்படி என்பது தெரிந்துவிட்டால் மற்ற பாலங்களுக்கும் அதுவே.

பாலங்கள் கப்பல்கள் போவதற்காகக் கடலிலிருந்து வெகு உயரத்தில் கட்டப்பட்டவை. தரைச் சாலையிலிருந்து அந்த உயரத்துக்குச் சைக்கிள்களுக்கென்று தனியாக வளைந்து வளைந்து ஏறும் பாதை போட்டிருக்கிறார்கள். நூறு மீட்டர் போனால் சுமார் மூன்று மீட்டர் ஏறும் அளவுக்குத்தான் சரிவு. பயப்பட ஒன்றுமில்லை. ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே சிறிய கியருக்கு மாற்றிவிட்டு, மூச்சு வாங்காத வேகத்தில் மிதித்தால் ஒரு கிலோமீட்டரில் மேலே வந்துவிடுவீர்கள். இருபுறமும் மரநிழல்; திருப்பங்களில் இலைகளுக்கு நடுவே கடல் துண்டு துண்டாகத் தெரியும். இறங்கும்போதுதான் கவனம் தேவை. எதிரே ஏறி வருபவர்கள் களைப்பில் நடுவில் வருவார்கள். சில பாலங்களில் சிறிய மோட்டார் சைக்கிள்களுக்கும் அதே வழிதான்.

இன்னோஷிமா பாலம் 1983இல் திறக்கப்பட்ட தொங்குபாலம். நடு இடைவெளி 770 மீட்டர். இங்கே சைக்கிள் பாதை கார்கள் போகும் தளத்துக்கு அடியில், இரும்புச் சட்டங்களுக்குள் போகிறது. தலைக்கு மேலே லாரிகள் உருளும் ஓசை, இருபுறமும் கம்பி வலைக்கு அப்பால் கடல். மற்ற பாலங்கள் எல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டுபவை. இது மட்டும் பாலத்தின் வயிற்றுக்குள் போவது.

இன்னோஷிமா, ஹஸ்ஸாக்கு என்ற லேசான கசப்புள்ள பெரிய ஆரஞ்சு பிறந்த ஊர். அந்தச் சுளையை அரிசிமாவு உருண்டைக்குள் வைத்து விற்கிறார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் ஒன்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அடுத்து வருவது 1991இல் திறக்கப்பட்ட இகுச்சி பாலம். அதைக் கடந்தால் எலுமிச்சைத் தீவான இகுச்சிஜிமா. இந்தத் தீவின் செத்தோதா பகுதி ஜப்பானிலேயே எலுமிச்சை அதிகம் விளையும் இடங்களில் ஒன்று.

இங்கேதான் சில்லறை தேவைப்படும். வீட்டு வாசலிலும் தோட்ட ஓரத்திலும் ஆளில்லாத சிறு மரத்தட்டிகள் இருக்கும். நாலைந்து பழம் கட்டிய பை, பக்கத்தில் ஒரு டப்பாவோ துளையிட்ட பெட்டியோ, விலை எழுதிய அட்டை. பெரும்பாலும் நூறு, இருநூறு யென். காசைப் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். யாரும் பார்ப்பதில்லை என்பதால் குறைத்துப் போடாதீர்கள். ஆயிரம் யென் தாளுக்கு மீதி தரவும் யாரும் இல்லை.

தோட்டங்களை நிமிர்ந்து பாருங்கள். சரிவு அவ்வளவு செங்குத்தாக இருப்பதால் பழக்கூடைகளை ஏற்றி இறக்க ஒற்றைத் தண்டவாளம் போட்டிருப்பார்கள். அதில் சிறிய எஞ்சினோடு ஒரு தள்ளுவண்டி மலையுச்சி வரை முனகிக்கொண்டே போய்வரும். அறுவடைக் காலத்தில் அதன் பக்கத்தில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியவர்கள். இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்டதால் பல சரிவுகள் காடாகிவிட்டன. காட்டுப் பன்றிகள் தீவுக்குத் தீவு நீந்தி வந்து பழத்தோட்டங்களை நாசம் செய்கின்றன, அதனால்தான் வயல் ஓரங்களில் மின்வேலி. அதைத் தொடாதீர்கள். இந்தத் தீவுகளில் ஓர் இரவு தங்கி, ஒரு வேளைச் சோறு சாப்பிட்டு, ஒரு பை பழம் வாங்குவதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செத்தோதாவை நான்கு மணிக்குள் எட்டிவிடுங்கள். ஒனோமிச்சியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். அங்கே கோசன்ஜி என்ற கோயில் இருக்கிறது. ஒரு தொழிலதிபர் தாயின் மறைவுக்குப் பிறகு துறவியாகி, அவர் நினைவாக 1936இல் கட்டத் தொடங்கியது. ஜப்பானின் புகழ்பெற்ற பழைய கட்டடங்களின் சாயலில் ஒவ்வொரு மண்டபமும் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் நிற்கிறது. அதற்குப் பின்னால், இத்தாலியின் கராரா சலவைக்கல்லால் சிற்பி குயெத்தானி இட்டோ அமைத்த வெண்குன்று. வெயிலில் கண் கூசும், கருப்புக் கண்ணாடி எடுத்துப் போங்கள்.

6. இரவு

செத்தோதாவிலும் ஓமிஷிமாவிலும் குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகள் உண்டு. முன்பதிவின்போது மூன்று செய்திகளைச் சொல்லிவிடுங்கள்: சைக்கிளில் வருகிறீர்கள், இத்தனை மணிக்கு வருவீர்கள், இரவு உணவு வேண்டுமா வேண்டாமா. உணவு ஆறு, ஆறரைக்கு வைப்பார்கள். தாமதமாகும் என்றால் தொலைபேசியில் தெரிவியுங்கள். உங்களுக்காகவே மீன் வாங்கி வைத்திருப்பார்கள். பொதுக் குளியலறையில் முதலில் உட்கார்ந்து உடம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்க வேண்டும்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கடற்கரைச் சமையலில் மீன் இல்லாத பாத்திரம் அரிது. காய்கறிக் குழம்பிலும் மிசோ சூப்பிலும் நூடுல்ஸ் சாற்றிலும் காய்ந்த மீனிலிருந்து எடுத்த சாறு இருக்கும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும். மீன் சாறும் வேண்டாம் என்பதை ஜப்பானிய மொழியில் எழுதி வைத்துக்கொண்டு முன்பதிவின்போதே காட்டுங்கள். முடியாது என்றால் வெளிப்படையாகச் சொல்லிவிடுவார்கள். அப்போது காலை உணவோ இரவு உணவோ இல்லாத அறையாக எடுத்துக்கொண்டு, வெறும் சோறு, டோஃபு, ரொட்டி, பழம், கொட்டைகள் என்று கடைகளில் வாங்கிச் சமாளிக்கலாம். தீவுகளில் பல கடைகள் சீக்கிரமே மூடிவிடும், சில கிராமங்களில் கடையே கிடையாது. ஊர் தெரியும் இடத்தில் வாங்கி வைத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம்.

7. இரண்டாம் நாள்: செத்தோதாவிலிருந்து இமாபாரி

எட்டு மணிக்குள் புறப்படுங்கள். முதலில் வருவது தத்தாரா பாலம். கோபுரங்களிலிருந்து விரிந்து இறங்கும் கம்பிகளே தளத்தைத் தாங்கும் வகை. 1999இல் திறந்தபோது 890 மீட்டர் நடு இடைவெளியோடு அந்த வகையில் உலகிலேயே நீளமானதாக இருந்தது. கோபுரத்தின் அடியில் நின்று கைதட்டினால் ஒலி இரு கால்களுக்கும் இடையில் மோதி மோதி மேலே ஏறிப் போகும். தட்டிப் பார்க்க மரக்கட்டைகள்கூட வைத்திருக்கிறார்கள். நடுப்பாலத்தில் மாவட்ட எல்லைக் கோடு. ஹிரோஷிமா முடிந்து எஹிமே தொடங்குகிறது.

பாலம் இறங்கியதும் ஓமிஷிமா. நீலக் கோடு இந்தப் பெரிய தீவின் ஒரு மூலையை மட்டும் உரசிவிட்டுச் சில கிலோமீட்டரில் அடுத்த பாலத்துக்குப் போய்விடுகிறது. பெரும்பாலானவர்கள் பாலத்தடிப் பூங்காவில் படம் எடுத்துக்கொண்டு அப்படியே போய்விடுவார்கள். நீங்கள் கோட்டை விட்டுவிடுங்கள். ஒரு சிறு மலையைக் கடந்து மேற்குக் கரைக்குப் போனால், சுமார் 7 கிலோமீட்டரில் மியாவுரா ஊரும் ஓயாமாசுமி ஆலயமும். வளாகத்தின் நடுவே நிற்கும் கற்பூர மரத்துக்கு 2,600 வயது என்று சொல்கிறார்கள். அடிமரம் முண்டும் முடிச்சுமாகப் புடைத்திருந்தாலும் மேலே கிளைகளில் இளந்தளிர் விடுகிறது. போருக்குப் போன சாமுராய்கள் வெற்றிக்காக இங்கே கவசங்களையும் வாள்களையும் காணிக்கை செலுத்தினார்கள். ஜப்பானில் அரசு முக்கியச் சொத்தாகப் பதிந்திருக்கும் பழைய கவசங்களில் பெரும்பகுதி இந்த ஆலயத்தின் காட்சிக்கூடத்தில்தான் இருக்கிறது. ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கால் வலு இருப்பவர்கள் மேற்குக் கரையோரச் சாலையிலேயே தீவைச் சுற்றி வரலாம். ஏற்ற இறக்கம் அதிகம், வாகனம் குறைவு. முழுப் பயணத்திலும் கடல் இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு அமைதியாக வேறு எங்கும் கிடைக்காது. அதைச் செய்தால் இரண்டாம் இரவை ஓமிஷிமாவிலேயே வைத்துக்கொண்டு பயணத்தை மூன்று நாளாக்கிவிடுங்கள்.

1979இல் முதலில் கட்டப்பட்ட ஓமிஷிமா வளைவுப் பாலம் சின்னது. அப்பால் ஹகாட்டாஜிமா, உப்புக்குப் பெயர்போனது. சாலையோரக் கடையில் உப்பு ஐஸ்கிரீம் கிடைக்கும். இந்தத் தீவைக் கடக்க அதிக நேரம் ஆகாது.

கடைசித் தீவான ஓஷிமாவில்தான் கால்கள் சோதிக்கப்படும். பாதை தீவின் நடுவே இரண்டு மேடுகள் ஏறி இறங்குகிறது. வடகிழக்குக் கரையில் முராகாமி கடற்கொள்ளையர் அருங்காட்சியகம் இருக்கிறது. அவர்கள் வெறும் கொள்ளையர் அல்லர். நீரோட்டம் தெரிந்தவர்கள், வழிகாட்டியும் சுங்கம் வாங்கியும் இந்தக் கடலை ஆண்டவர்கள். எதிரே தெரியும் நோஷிமா என்ற சின்னத் தீவு முழுவதுமே அவர்களுடைய கோட்டையாக இருந்தது. நேரமும் தெம்பும் இருந்தால் தீவின் தெற்கே கிரோசான் மலைக்கு ஏறுங்கள். 300 மீட்டருக்கு மேல் உயரம், சரிவு கடுமை, பலர் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். உச்சியில் கட்டடக் கலைஞர் குமா கெங்கோ மலைக்குள்ளேயே புதைத்துக் கட்டிய பார்வை மேடை.

அங்கிருந்து தெரிவதுதான் கடைசியாக வரும் குருஷிமா பாலம். மூன்று தொங்குபாலங்கள் அடுத்தடுத்து, மொத்தம் சுமார் 4 கிலோமீட்டர். அவசரப்படாமல் நடுவில் நின்று கீழே பாருங்கள். நீரோட்டம் வலுக்கும் வேளையில் கடல் உலைநீர்போல் கொதித்துச் சுழலும். பத்து நாட் வேகம், அதாவது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் வரை போகும். இவ்வளவு வேகமான நீரில் கப்பல்கள் மோதாமலிருக்க இங்கே ஒரு தனி விதி: நீரோட்டத்தோடு போகும் கப்பல் நடு வழியிலும் எதிர்த்து வரும் கப்பல் மேற்கு வழியிலும் போக வேண்டும். ஓட்டம் திரும்பும்போது வழிகளும் மாறிவிடும். பெரிய சரக்குக் கப்பல் ஒன்று எஞ்சினை முடுக்கியும் நகராததுபோல் நிற்பதை மேலிருந்து பார்த்தால் இந்த விதி ஏன் என்று புரியும்.

பாலம் இறங்கும் இடத்திலேயே சன்ரைஸ் இத்தோயாமா என்ற நிலையத்தில் வாடகை சைக்கிளைத் திருப்பித் தரலாம். மூடும் நேரத்தை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இமாபாரி ரயில் நிலையம் இன்னும் ஆறேழு கிலோமீட்டர். அங்கிருந்து மட்சுயாமாவுக்கு ரயில், ஃபுக்குயாமாவுக்குத் திரும்பப் பஸ்.

பாலக் கட்டணம் பற்றி: 2014 முதல் சைக்கிள்களுக்குக் கட்டணத்தை முழுவதுமாகத் தள்ளுபடி செய்து, அந்தச் சலுகையை நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள். போகும் ஆண்டில் தொடர்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் எல்லாப் பாலங்களுக்கும் சேர்த்துச் சில நூறு யென்தான்.

8. பாதியில் முடியாமல் போனால்

உடம்பு ஒத்துழைக்கவில்லை, மழை பிடித்துக்கொண்டது என்றால் வீம்பு வேண்டாம். செத்தோதாவிலிருந்து ஒனோமிச்சிக்கும் ஹொன்ஷு கரையில் இருக்கும் மிஹாராவுக்கும் படகுகள் உண்டு. சைக்கிளுக்குத் தனிக் கட்டணம். நடுத் தீவு நிலையங்களில் வண்டியை விட்டுவிட்டுப் பஸ் ஏறவும் வழி இருக்கிறது. பஸ்ஸும் படகும் அடிக்கடி கிடையாது. காலையில் புறப்படும்போதே அன்றைய கடைசிப் படகின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

9. இன்னும் நாட்கள் இருந்தால்

மேற்கே இன்னொரு தீவுச் சங்கிலி இருக்கிறது: குரே நகரத்தின் பக்கத்திலிருந்து ஏழு பாலங்கள் வழியாக ஒகமுரா தீவு வரை போகும் தோபிஷிமா கைடோ. கூட்டம் மிகக் குறைவு. வழியில் மித்தாராய் என்ற பழைய துறைமுக ஊர். பாய்மரக் கப்பல்கள் காற்றுக்கும் ஓட்டத்துக்கும் காத்துக் கிடந்த காலத்து மரவீடுகள் தெருத்தெருவாக இன்னும் நிற்கின்றன. இமாபாரியிலிருந்து ஒகமுராவுக்குப் படகில் சைக்கிளோடு போய், அங்கிருந்து குரே நோக்கி ஓட்டினால் வந்த வழியே திரும்பாமல் ஹொன்ஷு சேர்ந்துவிடலாம். இதற்கு வாடகை சைக்கிள் ஒத்துவராமல் போகலாம். எடுக்கும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். படகு நாளுக்குச் சில முறைதான் போகிறது. முந்தின மாலையே இமாபாரி துறைமுகத்துக்குப் போய் நேர அட்டவணையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.